கரண்ட் போன பிறகும் வாசித்த வகுப்பு

ஒரு வகுப்பு மிக நன்றாக வாசிக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முதலில் பலகையைத் திரும்பிப் பாருங்கள். அதில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு சந்தோஷப்படுங்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது நான் கற்றுக்கொண்ட பாடம் இது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு கதைகளும் உண்டு. அவற்றையெல்லாம் என் பிரிவு உபசார விழாவில் மற்றவர்களே சொல்லித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

அப்போது என் கையில் இருந்தது ஐந்தாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஊரடங்கு காலத்தில் முதல் இரண்டு வகுப்புகளையும் அம்மா அப்பாவின் செல்போனில் படித்துத் தேறியவர்கள். வீட்டில் பேசுவது பாதி தமிழ், மீதி இந்தி. தெருவில் முழுக்க இந்தி. தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பது பள்ளிக்கூடத்துக்குள் மட்டும்தான். அதற்காக நான் கவலைப்பட்டேனா என்றால், இல்லை. காரணம், அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. வேண்டும் வேண்டும் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் முதலில் கையைத் தூக்கியவளே நான்தான்.

அதில் பாடத்தைத் தொட்டால் ஒரு பெண்குரல் வாசிக்க ஆரம்பிக்கும். எந்த வார்த்தையை வாசிக்கிறதோ அது மஞ்சளாக மாறும். பக்கம் புரளும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். பிள்ளைகள் அந்தக் குரலோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். சில வாரங்களில் முப்பத்தெட்டுப் பேரும் அந்தப் பெண்ணைப் போலவே வாசிக்கத் தொடங்கினார்கள். அதே ஏற்ற இறக்கம், அதே ழகரம், அதே இடத்தில் மூச்சு. வராந்தாவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். ஆசிரியத் தொழிலில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வகுப்பின் நட்சத்திரம் நான்சி என்ற பெண். தில்லியின் ஓரத்தில் இருக்கும் துவாரகாவிலிருந்து வருவாள். அம்மா நர்ஸ், மதுரைக்காரர். குரல் மணி மாதிரி இருக்கும். அவள் வாசிப்பதை அம்மா வீடியோ எடுத்து மதுரையில் இருக்கும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்திருந்தார். தில்லியில் வளர்ந்த பிள்ளை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லையாம். அந்தப் பெருமையில் பாதியை நானும் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை மாதம், புழுக்கம் தாங்க முடியாத ஒரு நாள், நிர்வாகக் குழுச் செயலாளர் நான்கைந்து பேரோடு ஸ்மார்ட் போர்டு வகுப்பைப் பார்க்க வந்தார். பிரின்சிபால் முன்னால் வந்தார். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று முதல் வகுப்பு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் திருநெல்வேலிப் பக்கம். இருபது வருடமாக முதல் வகுப்பைத் தவிர வேறு எதையும் எடுத்ததில்லை. ஆகவே பூங்கொத்து, ரங்கோலி, வாந்தி எடுத்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். எம்.ஏ., பி.எட். முடித்த எங்களில் பலருக்கு அவரைப் பற்றி அதற்கு மேல் எதுவும் தெரியாது.

மரங்கொத்தியைப் பற்றிய பாடத்தைத் தொட்டேன். குரல் ஆரம்பித்தது, பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். இரண்டாவது பத்தி போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது. போர்டு கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. குரலும் நின்றது. பிள்ளைகள் நிறுத்தவில்லை. கறுத்துப் போன பலகையை ஒரே பார்வையாகப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல், மரங்கொத்தி பொந்து குடைந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரைக்கும் வாசித்தார்கள். பக்கம் புரள வேண்டிய இடம் வந்ததும் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் ‘டிங்’ என்றார்கள்.

செயலாளர் கைதட்டினார். கூட வந்தவர்கள் தட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று நானும் தட்டினேன். இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. என் பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற முதல் வகுப்பு டீச்சர் மட்டும் தட்டவில்லை. கையில் பூங்கொத்து இருப்பதால் என்று நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

“கரண்ட் போயிட்டுல்லா டீச்சர். பிள்ளைங்க எதப் பாத்து வாசிக்காங்க?”

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் அதற்குள் செயலாளர் உணர்ச்சிவசப்பட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். கரண்ட் போனாலும் தமிழ் போகாது என்றார். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் வாசிப்பு விழா ஒன்று நடத்துவோம், சிறப்பு விருந்தினரே ஒரு புதுப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கட்டும், இந்தப் பாப்பா மேடையில் வாசித்துக் காட்டட்டும் என்று நான்சியின் தலையில் கையை வைத்தார். அவள் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தாள். இதுவரை பார்த்தே இராத ஒரு பக்கத்தை, ஊர் முன்னால், மைக்கில் வாசிக்க வேண்டும். இடையில் இருந்தது மூன்று மாதம்.

மறுநாள் காலையில் ஸ்மார்ட் போர்டைத் தொடாமல் கரும்பலகையில் அதே மரங்கொத்திப் பாடத்தின் முதல் பத்தியை எழுதினேன். நடுவில் ஒரு வார்த்தையைப் பிரம்பால் தொட்டு, நான்சியை வாசிக்கச் சொன்னேன். அவள் உடனே சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பாடத்தை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டி, விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்து, சரியான இடத்தில் நிறுத்தி, “அலகு” என்றாள். சரிதான். இன்னொரு பையனிடம் கடைசி வரியிலிருந்து ஒரு வார்த்தையைக் கேட்டேன். அவனுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான். அவனும் சரியாகச் சொன்னான். அத்தனையையும் மனதில் வைத்திருக்கிற அந்த மூளைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. நானாக இருந்தால் பேசாமல் எழுத்தைக் கற்றுக்கொண்டிருப்பேன், அது இதைவிடச் சுலபம்.

பாடத்தை அழித்துவிட்டு, ‘இதை வாசிப்பவருக்கு இரண்டு சமோசா’ என்று எழுதினேன். கேன்டீனிலிருந்து சமோசாவையும் வாங்கிவந்து மேஜைமேல் வைத்திருந்தேன். வாசனை வகுப்பு முழுக்க அடித்தது. முப்பத்தெட்டுப் பேரும் பலகையைப் பார்த்தார்கள், சமோசாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் எப்போது வாசித்துக் காட்டுவேன் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். மணி அடித்துவிட்டது. அந்தச் சமோசாவை நானே தின்றேன். மூன்று மாதமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு யாருக்கு நான் பாடம் நடத்தினேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

பிரின்சிபாலிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், பதற்றம் வந்தால் இந்தியில்தான் யோசிப்பார். இரண்டு தடவை “அச்சா” என்றார். பிறகு, இதை இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம், விழா முடியட்டும் என்றார். ஐந்தாம் வகுப்பில் போய் அ, ஆ எழுதிப் போட்டால் பெற்றோர் வந்து கேட்டில் நிற்பார்கள் என்றார். விழாவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

பிள்ளைகளுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொரு விஷயம் புரிந்தது. எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கே தெரியாது. முப்பது வருடமாக என்னிடம் வந்த பிள்ளைகள் எழுத்தை ஏற்கெனவே தெரிந்துகொண்டு வந்தவர்கள். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. இவர்களோ எழுத்துக்கான வருடங்களைச் செல்போனில் விட்டுவிட்டு, மூன்றிலும் நான்கிலும் டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியே தேறி வந்தவர்கள். ஆகவே ஒரு வாரம், எனக்குப் பாடவேளை இல்லாத நேரத்திலெல்லாம் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஆசிரியருக்கு மட்டும்தான் நாற்காலி. நான் கடைசிப் பெஞ்சில், முட்டி தாடையில் இடிக்க, ஆறு வயதுப் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க ஃபெயிலா டீச்சர்?”

ஆமாம் என்றேன். அவள் தன் ரப்பரில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள்.

அந்த வகுப்பில் நான் பார்த்ததையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது, அதைவிட நன்றாக உங்கள் பள்ளியின் முதல் வகுப்பு டீச்சரிடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த அம்மாள் எந்த வார்த்தையையும் முதலில் தானாக வாசித்துக் காட்டவே மாட்டார். பிள்ளை திக்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். பிள்ளை இன்னும் திக்கும். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்வார். எனக்குக் கை பரபரக்கும், வாய் நமநமக்கும், எழுந்து சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று இருக்கும். அவர் கண்ணாலேயே என்னை உட்கார்த்திவைப்பார். நம் தொழிலில் வாயைத் திறப்பதற்குத்தான் சம்பளம் என்று நான் நினைத்திருந்தேன். மூடிவைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் என்று அப்போது தெரிந்தது.

என் வகுப்பில் எழுத்தை ஆரம்பித்த முதல் நாளே கலகம். இது சின்னப் பிள்ளைகளின் பாடம், வெளியே தெரிந்தால் நாலாம் வகுப்புக்காரர்கள் சிரிப்பார்கள் என்று வகுப்பே முறையிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன். பெற்றோரிடமிருந்து போன் வந்தது. ஐந்தாம் வகுப்பில் போய் ககரமா மேடம் என்று ஒரு அப்பா கேட்டார். நான் தமிழில் இரண்டு வரி அவருக்கு மெசேஜ் அனுப்பி, அதை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.

நான்சியின் அம்மாவிடம் மட்டும் நானே நேரில் சொன்னேன். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.  நான் சொல்லி முடித்ததும் கேட்டார்: “அப்ப எம்பொண்ணு இத்தன நாளா வாசிக்கவே இல்லியா மிஸ்?” தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்றேன்.  விழாவிலிருந்து அவளை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவளிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். நான்சியிடம் கேட்டேன். மேடையில் வாசிக்கப்போவதாக மதுரைக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றாள்.

பிறகு நாங்கள் சீட்டுக்கு வந்தோம். மனப்பாடக்காரர்களை மடக்க வேண்டுமென்றால் வாயைக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சின்னச் சின்னக் காகிதத்தில் ஒரு கட்டளை எழுதிக் கொடுப்பேன். சத்தமே வரக் கூடாது. வாசித்துவிட்டு அதன்படி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ‘எழுந்து போய் ஜன்னலைத் திற’ என்று முதல் சீட்டு. முதல் வாரம் யாரும் எழுந்திருக்கவில்லை. சீட்டை முகர்ந்து பார்த்தவர்கள் உண்டு. இரண்டாம் வாரம் ஒருவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். ஜன்னல் தவறிவிட்டாலும் ‘திற’ அவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது. செப்டம்பர் முடிவதற்குள், ‘டீச்சரின் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று பார்’ என்று எழுதிய சீட்டை யோசிக்காமல் எல்லோருக்கும் கொடுத்துத் தொலைத்தேன். அன்று மதியம் நான் பட்டினி. நான்சி எப்போதும் கடைசியாகத்தான் எழுந்திருப்பாள். நட்சத்திரமாக இருந்தவளுக்குத் தரையில் நடப்பது கஷ்டமாக இருந்தது. பழக்கத்தில் என் முகத்தைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ப்யூன் ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். பிரின்சிபால் சாமர்த்தியசாலி. சிறப்பு விருந்தினரின் வீட்டுக்கே ஆளை அனுப்பி, அவர் கொடுக்கப்போகும் பக்கத்தின் நகலை வாங்கிவிட்டார். விருந்தினர் ஒரு அமைச்சகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தன் அலுவலகத்துக்குள் குரங்கு புகுந்த கதையைத் தானே எழுதியிருந்தார். ‘நான்சிக்கு, ஜல்தி’ என்று கவரின்மேல் பிரின்சிபால் எழுதியிருந்தார். சீக்கிரம் கொடு என்பதற்கு மேல் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான்கு நாள் என்ன, அவளுக்கு ஒரு சாயங்காலம் போதும். தலைகீழாகச் சொல்லிவிடுவாள்.

கொடுக்கக் கூடாது என்று உடனே முடிவெடுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. இரண்டு நாள் அது என் கைப்பையில் இருந்தது. ஒரு குழந்தையை நானூறு பேர் முன்னால் திக்கவைத்து, அவள் அழுதுகொண்டு இறங்கினால், என்னுடைய கொள்கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கொடுத்துவிட்டாலோ, இதுவரை வாசித்த அத்தனை சீட்டும் வீண் என்று அவளுக்கு நானே சொன்னது போல ஆகும். இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் முதல் வகுப்பு டீச்சரிடம் அந்தத் தாளைக் காட்டி, கொடுக்கவா வேண்டாமா என்று கேட்டேன்.

அவர் டிபனில் அன்று வடை. தாளை வாங்கி முழுவதும் வாசித்தார், குரங்கு வந்த இடத்தில் சிரித்தார். பிறகு அதை இரண்டாக மடித்து வடையின்மேல் வைத்து எண்ணெயை நன்றாக ஒற்றி எடுத்தார்.

“இனி நீங்க குடுக்கணும்னு நெனச்சாலும் குடுக்க முடியாதுல்லா,” என்று சொல்லி ஒரு வடையை என் பக்கம் தள்ளினார்.

விழா நாள் வந்தது. வெளியே புகைமூட்டம், உள்ளே பட்டுப்புடவைகள். நானும் கரோல் பாக்கில் வாங்கிய புதுப்புடவையில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான்சியின் அம்மா லீவு கிடைக்காமல் யூனிஃபார்மோடு வந்து பின்னால் நின்றார். விருந்தினர் தாளை நீட்டினார். நான்சி வாங்கிக்கொண்டாள். செயலாளர் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். முதல் வரிசையில் பிரின்சிபால் கால்மேல் கால் போட்டு நிம்மதியாகப் புன்னகைத்தார்.

அவள் ஆரம்பிக்கவில்லை. தாளைப் பார்த்தாள். பிரின்சிபாலின் கால் கீழே இறங்கியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு மைக்கில் ஓர் எழுத்து கேட்டது. அப்புறம் இன்னொன்று. மணிக்குரல் எல்லாம் இல்லை, கரகரவென்று, ஒவ்வொன்றாக. “எ…ன் அ…லு…வ…ல…” என்று வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து ஓடிப்போய் அந்த வார்த்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வரலாமா என்று என் உடம்பு துடித்தது. அவள் ஒரு தடவை சபையில் என்னைத் தேடினாள். கண்டுபிடிக்கும் முன்பே மறுபடி தாளுக்குப் போய்விட்டாள்.

செயலாளர் நல்ல மனிதர், அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து தாளைப் பார்த்து, “அலுவலக ஜன்னல்…” என்று எடுத்துக்கொடுத்தார். நான்சி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“சொல்லாதீங்க அங்கிள். நான் வாசிச்சிட்டிருக்கேன்.”

மைக் அதையும் அரங்கம் முழுக்கச் சொன்னது. இருமல் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகக் குரங்கு உள்ளே வந்தது. வருவதற்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு நிஜக் குரங்கு அமைச்சகம் முழுவதையும் சுற்றிப் பார்த்திருக்கும். அது பெரிய அதிகாரியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. ‘நாற்காலி’ அவளுக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது, சீட்டில் பார்த்த வார்த்தை. குரங்கு மேஜைமேல் இருந்த கோப்பு ஒன்றைக் கையில் எடுத்தது.

பிரின்சிபால் எழுந்துவிட்டார். நேரமாகிறது, இன்னும் நடனம் இருக்கிறது. மேடை ஓரம் வரை போய், பதற்றத்தில் பாதி இந்தியில், “பஸ் பேட்டா, போதும். ரொம்ப நல்லா வாசிச்சே,” என்று சொல்லித் தாளுக்குக் கையை நீட்டினார். நான்சி தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

“சார், ஒரு நிமிஷம். அந்தக் குரங்கு என்ன பண்ணிச்சுன்னு இன்னும் வரல்ல.”

பிரின்சிபால் சபையைப் பார்த்தார். சபையில் ஒருவரும் அவர் பக்கம் இல்லை. எல்லோருக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் திரும்பிவந்து உட்கார்ந்தார். நான்சி தாளை விரித்து, விட்ட இடத்தை விரலால் தேடிப் பிடித்தாள்.